குதிரைக்குப் பொங்கல் கொடுக்கலாமா, டீச்சர்?

அந்தத் தேயிலைத் தோட்டத்தின் லயங்களில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், ஏழு மாடுகள் இருந்தன. ஏழில் ஒன்றைக்கூட எனக்குக் காட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒன்றும் மாட்டை இரவல் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க வேண்டும், தொட வேண்டும், அவ்வளவுதான். விவசாயப் பாடத்தில் விலங்கு வளர்ப்பு என்று ஓர் அலகு உண்டு. அதைச் செயன்முறையாகச் செய்துகாட்ட வேண்டும் என்று மேலிடத்தில் எழுதியிருந்தார்கள். முதல் வீட்டில், இத்தனை பிள்ளைகளின் கண்பட்டால் பால் வற்றிவிடும் என்றார்கள். மற்ற ஆறு வீட்டிலும் அதே பதில், பேசி வைத்துக்கொண்டதுபோல். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் கண்ணூறு இல்லை என்று அத்தாட்சி வாங்கி வரட்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

கொடகவெலையில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, இரண்டு மைல் ஏற்றம் நடந்தால் அந்தப் பாடசாலை. அது என் முதல் நியமனம். என் அம்மா கேகாலைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். லயத்தில் பிறந்த பெண் ஒருத்தி சேலை கட்டிக்கொண்டு டீச்சராக வந்ததில் அந்த மலையில் எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான், அதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். நான் என்னை அசல் சர்க்கரை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பால் வற்றும் என்று பயப்படத் தேவையில்லாத ஒரு மிருகம் அங்கே இருந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் குதிரை. தோட்டங்களைக் கம்பெனிகள் எடுத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. புதிதாக வந்த துரை, நுவரெலியாப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு பெண் குதிரையைத் தன் மகளுக்காக வாங்கி வந்திருந்தார். மகள் இரண்டு மாதம் ஏறிப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டாள். குதிரை, பங்களாவுக்குக் கீழே தகரக் கூரை போட்ட பழைய லாயத்தில் நின்றது. அதைப் பார்த்துக்கொள்ள, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கூட்டத்தில் இருந்து ஓர் ஆளைத் துரை எடுத்திருந்தார். எல்லோரும் அவரைக் குதிரைக்காரர் என்றார்கள், நான் அண்ணே என்பேன். அவருடைய மகள் என் வகுப்பில்தான் படித்தாள். முன் வரிசை, இரட்டைப் பின்னல், நான் தும்மினாலும் எழுதிக்கொள்கிற பிள்ளை.

துரையிடம் போய்க் கேட்டேன். மாடு இல்லாவிட்டால் குதிரை, கால் நாலுதானே என்று ஒரு துணிச்சல். அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். குதிரை வளர்ப்பைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறிய புத்தகமும் தந்து, முழுவதையும் வாசித்துவிட்டுத் தொடங்கச் சொன்னார். நான் அகராதியை வைத்துக்கொண்டு பாதிவரை வாசித்தேன். மிச்சம் தீனியும் நோய்களுமாக இருந்தது. பரீட்சைக்கு வராது என்று மூடி வைத்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை லாயத்தின் கதவைத் திறந்தபோது பிள்ளைகள் மொத்தமும் பின்வாங்கி வாய்க்காலில் இறங்கிவிட்டார்கள். நானும் ஓர் அடி பின்னால் வைத்தேன். படத்தில் பார்த்த குதிரை வேறு, நம் தலைக்கு மேலே தலையை வைத்துக்கொண்டு சூடாக மூச்சு விடுகிற குதிரை வேறு. ஆனால் டீச்சர் பயப்படலாமா? புத்தகத்தில் இருந்தபடி முன்னாலிருந்து, இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போய்க் கழுத்தில் கை வைத்தேன். பின்பக்கம் மட்டும் போகாதீர்கள், அதற்கு நேர் பின்னால் கண் தெரியாது, தெரியாத எதையும் அது உதைக்கும் என்று சொன்னேன். உள்ளங்கையைத் தட்டையாக விரித்துத்தான் தீனி கொடுக்க வேண்டும், விரலை மடித்தால் விரலும் தீனிதான் என்றும் சொன்னேன். முப்பத்தொரு பேனாவும் ஓடின.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஓர் அதிர்ச்சி. அது நின்றபடியே தூங்கும் என்றபோது பிள்ளைகள் நம்பவில்லை. ஒரு மத்தியானம் கண் செருகி, ஒரு பின்னங்காலை மடித்துத் தளர விட்டு, நின்றபடியே தூங்கியதைக் கண்ட பிறகுதான் நம்பினார்கள். லாடம் அடிக்கிற ஆள் வந்த அன்று, குளம்பில் ஆணி இறங்கியபோது இரண்டு பிள்ளைகள் அழுதே விட்டார்கள். குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் மாதிரி, வலிக்காது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தாலும் என் கை சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தது. குதிரையோ கினிப்புல்லை மென்றுகொண்டு எங்களைப் பார்த்தது. எங்கள் பக்கத்து மழையில் அட்டைக்குக் குறைச்சல் இல்லை. அதன் கால்களில் இருந்து அட்டை பிடுங்க உப்பையும் சவர்க்காரத்தையும் சேர்த்துத் தேய்க்கலாம் என்பதைப் பிள்ளைகள்தான் எனக்குச் சொல்லித்தந்தார்கள்.

வருஷம் பிறந்து பிள்ளைகள் பதினோராம் வகுப்புக்கு வந்தார்கள். பொங்கலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, குளம்பில் ஒட்டிய சேற்றை எப்படிக் கிண்டி எடுப்பது என்று காட்டிக்கொண்டிருந்தேன். குதிரைக்காரரின் மகள் கையை உயர்த்தினாள்.

"மாட்டுப் பொங்கலுக்குக் குதிரைக்கும் பொங்கல் குடுக்கலாமா, டீச்சர்?"

இந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் லயங்களில் மாடு இல்லாத வீட்டுக்காரர்களும் மாட்டுப் பொங்கல் அன்று பொங்கி, ஒரு வாழையிலைத் துண்டில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு மாடு வைத்திருப்பவர் வீட்டுக்குப் போவார்கள். யார் மாடானாலும் அதன் வாயில் நம் வீட்டுப் பொங்கல் போக வேண்டும். அது ஒரு முறை. இந்த வருஷம் குதிரையும் நம்முடையதுதானே என்று பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிட்டது. குதிரைக்கு ஒரே இரைப்பை, அசைபோடாது என்று நானே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அப்படியானால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அந்த நாட்களில் என் வாயில் வராது. மாட்டுக்குக் கொடுக்கலாம் என்றால் குதிரைக்கும் கொடுக்கலாம் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

மாட்டுப் பொங்கல் அன்று வேலை விட்டதும் லாயத்தடியில் திருவிழா. நெற்றியில் மஞ்சளும் குங்குமமும், கழுத்தில் செவ்வந்தி மாலை. மாலையைக் குதிரை பாதி தின்றுவிட்டது. வீட்டுக்கு வீடு இலையோடு வந்து நின்றார்கள். குதிரைக்காரர் கதவுக்குக் குறுக்கே நின்று, துரை தந்த தீனியைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது என்று தனக்குக் கட்டளை என்றார். தயங்கித்தான் சொன்னார். வந்தவர்கள் முகம் வாடியது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது என் பாடத்தை ஒருவர் மறுப்பதுபோல் பட்டது.

"நான் சொல்றேன் அண்ணே, ஒன்னும் ஆகாது. விடுங்க."

டீச்சர் சொன்னால் சரி என்று அவர் விலகினார். நாற்பது வீட்டுச் சர்க்கரைப் பொங்கலையும் அந்தக் குதிரை, உள்ளங்கைகளை ஒவ்வொன்றாக நக்கித் தின்று முடித்தது. உள்ளங்கையை எல்லோரும் நான் சொன்னபடி தட்டையாகத்தான் வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை முதல் பாடத்தின் நடுவே குதிரைக்காரரின் மகள் ஓடி வந்தாள். அன்று அவள் பாடசாலைக்கு வந்திருக்கவில்லை. அப்பா கூப்பிடுகிறார், குதிரை விழுந்து விழுந்து புரள்கிறது என்றாள். போய்ப் பார்த்து ஆடிப்போனேன். உடம்பு முழுவதும் வேர்வை. எழும்பும், முன்காலால் தரையைக் கீறும், திரும்பித் தன் வயிற்றைத் தானே பார்க்கும், பிறகு தொப்பென்று விழுந்து உருளும். நெற்றிக் குங்குமம் வேர்வையில் கரைந்து கண்ணுக்கு மேல் வழிந்திருந்தது. அது ஒரு சத்தமும் போடவில்லை. மாடு என்றால் கத்தும். இது கத்தாமல் வலியில் புரண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

துரை இரத்தினபுரிக்குப் போயிருந்தார். டவுனில் இருந்த மிருக வைத்தியருக்கு ஆபீஸில் இருந்து போன் போட்டுவிட்டார்கள். அவர் வரும்வரை சும்மா நிற்க முடியுமா? மாட்டுக்கு வயிறு ஊதினால் என்ன செய்வோமோ அதையே செய்யத் தொடங்கினோம். இஞ்சி இடித்து, பெருங்காயம் கரைத்து, மூங்கில் குழாயில் ஊற்றி வைத்தார் குதிரைக்காரர். நான் அதற்கு மேலே போனேன். ஒரு வாளியில் உப்புத் தண்ணீர் கரைத்து, இதைக் குடிக்க வைத்தால் வாந்தி எடுக்கும், எடுத்தால் சரியாகிவிடும் என்றேன். அவர் குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்தார். நான் குழாயை வாயில் செருகப் போன நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வைத்தியர் வந்து இறங்கினார்.

அவர் சிங்களத்தில் கத்திய கத்தில் குழாய் கையை விட்டு விழுந்தது. என்ன தின்றது என்று கேட்டார், சொன்னேன். வாளியில் என்ன என்று கேட்டார், அதையும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது அந்த வழியால் திரும்பி வராது, அளவு மிஞ்சினால் இரைப்பை வெடித்துச் சாகும், இதுகூடத் தெரியாத யார் இங்கே பொறுப்பு என்று கேட்டார். பக்கத்தில் நின்ற யாரோ, இவர்தான் பிள்ளைகளுக்குக் குதிரையைப் பற்றிப் படிப்பிக்கிற டீச்சர் என்று பெருமையாகச் சொன்னார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது.

குதிரையின் இரைப்பையைக் கழுவி எடுக்கும் வேலையை அவரும் படிக்கிற காலத்தில் ஒரே ஒரு தடவைதான் செய்தாராம். நீளமான ரப்பர் குழாயை எடுத்து, எண்ணெய் தடவி, குதிரையின் மூக்குத் துவாரத்தில் விட்டார். முழம் முழமாகப் போய்க்கொண்டே இருந்தது. மூக்கு வழியாக வயிறுவரை! பிறகு தண்ணீர் விட்டு, நுனியைத் தாழ்த்திப் பிடித்தார். புளித்த வாடையோடு சோறும் முந்திரியும் திராட்சை வற்றலும் வாளியில் வந்து விழுந்தன. நாற்பது வீட்டின் பொங்கல். என் கண்ணுக்கு முன்னால் என் பாடம் வாளியில் கிடந்தது.

படுக்க விடாமல் மெதுவாக நடத்துங்கள், சாணம் போட்டால் பிழைக்கும் என்றார். குதிரைக்காரரும் மகளும் நானும் மாறி மாறி நடத்தினோம். லயத்துச் சனம் முழுவதும் வேலிக்கு வெளியே நின்று ஒரு குதிரையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னேரம் மூன்று மணிக்குச் சாணம் விழுந்தபோது பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். இரண்டாம் நாள் குதிரைக்கு நடக்க முடியவில்லை. முன்கால்களை முன்னே நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நின்றது. குளம்பைத் தொட்டால் கொதித்தது. அவ்வளவு சோறும் சர்க்கரையும் ஒரே நேரத்தில் உள்ளே போனால் வயிற்றில் தொடங்கிக் குளம்பில் போய் நிற்கும் என்றார் வைத்தியர். நகம் மாதிரி, வலிக்காது என்று நான் சொன்ன அதே குளம்பில்! உள்ளே உயிருள்ள சதை வீங்கி, வெளியே வர இடமில்லாமல் வலிக்கிறதாம். துரை அதை லொறியில் ஏற்றி நுவரெலியாவுக்கே அனுப்பிவிட்டார். பிழைக்கும், ஆனால் இனி ஓடாது என்று கேள்விப்பட்டோம்.

குதிரை போனதும் குதிரைக்காரர் மேல் விசாரணை வந்தது. கட்டளையை மீறித் தீனி வைத்தார், அதனால் பெறுமதியான மிருகம் கெட்டது என்று கடிதம். பத்துச்சீட்டு கொடுத்துவிடுவார்கள் என்று தொழிற்சங்கத் தலைவரே சொன்னார். பத்துச்சீட்டு என்றால் வேலை போவது மட்டுமல்ல, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். அந்தக் குடும்பம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். மகளுக்கு அந்த வருஷக் கடைசியில் பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சை.

நான் என்ன செய்தேன்? இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. அவர் என் பெயரைச் சொல்லுவார், துரை கூப்பிடுவார், அப்போது ஒத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. முதல் நியமனத்திலேயே பெயர் கெட்டால் என்ன ஆவது என்று அந்தக் குதிரையைவிட என்னைப் பற்றித்தான் அதிகம் நினைத்தேன்.

விசாரணைக்கு முந்திய நாள் பாடசாலை விட்ட பிறகு மகள் வந்து மேசையில் தன் விவசாயக் கொப்பியை வைத்தாள். பத்தாம் வகுப்பில் தொடங்கிய கொப்பி, பழுப்புக் கடதாசியில் உறை போட்டது. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். அழகான கையெழுத்தில் வினா: குதிரைக்குப் பொங்கல் கொடுக்கலாமா? விடை: மாட்டுக்குக் கொடுக்கலாம் என்றால் குதிரைக்கும் கொடுக்கலாம். அதன் கீழே என் சிவப்பு மை. ஒரு சரி அடையாளம், நன்று என்ற சொல், என் கையொப்பம். பொங்கலுக்கு முதல் நாள் கொப்பிகளைக் கட்டாக எடுத்து, வாசிக்காமலே திருத்தித் தள்ளியிருந்தேன்.

"இந்தப் பக்கத்தக் கிழிச்சிறச் சொல்லி அப்பா சொன்னாரு டீச்சர். ஒங்க பேரு எங்கயும் வரக்கூடாதாம். கொப்பியில கிழிச்சா நீங்க ஏசுவீங்க. அதான், நீங்களே கிழிச்சிருங்க."

தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே கடதாசியை அந்த மனிதர் எனக்கே அனுப்பியிருந்தார். உண்மையைச் சொன்னால், நான் அந்தப் பக்கத்தின் மூலையைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிள்ளை எதிரே நின்று, கிழிக்கும்போது மற்றப் பக்கம் வந்துவிடாமல் தையலை விரலால் அழுத்திப் பிடித்துக் கொடுத்தாள். அந்த விரலைப் பார்த்ததும் என் கை விட்டுவிட்டது. கொப்பி நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பினேன்.

மறுநாள் ஆபீஸில் துரை, தலைவர், கிளாக்கர், எதிரே நின்றபடி குதிரைக்காரர். யாரும் கூப்பிடாமலே நான் உள்ளே போனேன். அவர் அப்போதுதான், யாரும் சொல்லவில்லை, ஆசையில் தானாகவே வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கொப்பியைத் துரையின் மேசையில் விரித்து வைத்தேன். அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. கிளாக்கரை வாசிக்கச் சொன்னார். வினாவையும் விடையையும் வாசித்த கிளாக்கர், நன்று என்ற சொல்லை வாசிக்காமல் என்னைப் பார்த்தார். அதையும் வாசியுங்கள் என்றேன்.

லயத்து ஆள் என்று இவரைக் காப்பாற்ற நான் இப்போதுதான் எழுதிக்கொண்டு வந்தேனோ என்று துரை முதலில் சந்தேகப்பட்டார். பிறகு தான் தந்த புத்தகத்தை வாசிக்கவில்லையா என்று கேட்டார். பாதிதான் வாசித்தேன் என்றேன். மீதிப் பாதியில்தான் எல்லாம் இருந்தது என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் கோபத்தைவிட அதிர்ச்சிதான் தெரிந்தது. படித்த ஆள் இப்படிச் செய்யும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. பத்துச்சீட்டு இல்லை, பழைய கவ்வாத்து வேலைக்கே போகட்டும் என்று முடித்தார்.

வெளியே படியில் குதிரைக்காரருக்காகக் காத்து நின்றேன். நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன், அதை மறைத்து என்ன பயன்? அவர் என்னைக் கண்டதும் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டார். முகம் கறுத்திருந்தது.

"ஏன் டீச்சர் சொன்னீங்க? நான் எங்கயாச்சும் போய்ப் பொழைச்சிருப்பேன். இனிமே ஒங்க பேச்ச யாரு கேப்பா? எம் புள்ள யாருகிட்ட படிக்கும்?"

பதிலுக்கு நிற்காமல் மலைப்பக்கம் ஏறிப் போய்விட்டார். எனக்கு அடி விழுந்ததுபோல் இருந்தது.

திங்கட்கிழமை வகுப்புக்குள் போனபோது வழக்கம்போல் எல்லோரும் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள். யாரும் கொப்பியைத் திறக்கவில்லை. முன் வரிசையில் அவள் மட்டும் எழுந்து நின்றாள். கையில் அந்தக் கொப்பி.

"அப்பா கேக்கச் சொன்னாரு டீச்சர். இதுல இருக்கிறது எல்லாம் சரிதானான்னு மொதல்ல இருந்து பாத்துச் சொல்லுவீங்களாம். அதுக்கப்புறம் புதுசு எழுதலாமாம்."

எனக்கு முதலில் கோபம் வந்தது, பழக்கதோஷம். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கொப்பியின் முதல் பக்கத்தைத் திறந்தேன். மண் வகைகள். வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்தேன். அந்த ஒரு பக்கத்தில் இரண்டு பிழை இருந்தது.